தங்குகடல் படகின் அறைக்கும் விதி வேண்டும்

சென்னைக்கு அருகே, வடக்குப்பட்டைச் சுற்றியுள்ள ஒரகடம் வட்டாரத்தில் லாரி தயாரிப்பு அன்றாட வேலை. டெய்ம்லர் நிறுவனம் 2012-ல் இங்கே ஆலையைத் திறந்தது. அதன் பாரத்பென்ஸ் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. வெக்கையில் ஓட்டுநர் அசந்துபோனால் சாலையில் உயிர் போகும். அதனால் வந்த விதி இது, வரவேற்க வேண்டிய விதி.

இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அங்கே நிற்கும் தங்குகடல் விசைப்படகுகளிலும் அறை உண்டு. ஒரு முறை கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரை. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் கொச்சியிலிருந்து புறப்பட்டால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆழ்கடலில் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் படகின் அறைதான் வீடு. சமையலும் தூக்கமும் அங்கேதான். காலுக்குக் கீழே இன்ஜின், பக்கத்தில் மீனும் ஐஸும் நிரப்பிய அறை. லாரி அறைக்குக் கிடைத்த கவனம் இந்த அறைக்குக் கிடைக்கவில்லை.

“மீன் படகு என்றால் நாறத்தானே செய்யும்” என்பார்கள். கரையில் நிற்பவருக்கு இது சுலபமான பேச்சு. படகில் வீசுவது ஒரே நாற்றம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊற்றுக்கண் உண்டு, அதைத் தேடிப் பிடிக்கவும் முடியும்.

முதல் சந்தேகம் அடித்தட்டில் தேங்கும் தண்ணீர்மீது விழ வேண்டும். உருகிய ஐஸ், மீன் ரத்தம், சிந்திய டீசல், பழைய ஆயில் எல்லாம் கடைசியில் அங்கே போய்ச் சேர்கின்றன. பம்ப் போட்டு இறைத்தாலும் மூலையில் ஒரு விரற்கடை தங்கிவிடும். அது போதும், இரண்டு நாளில் அறை முழுவதும் வாடை. அடித்தட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால்தான் அது போகும்.

அடுத்தது கழிப்பறை உள்ள படகுகளின் குழாய். கழிவுநீர் போகும் ரப்பர் குழாயில் ஓட்டை இல்லாவிட்டாலும், நாளடைவில் வாடை அதன் சுவர் வழியாகவே கசியும். கண்டுபிடிக்க ஒரு கந்தல் துணி போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து குழாயைச் சுற்றி வைத்து, ஆறியதும் எடுத்து மோந்து பார்க்க வேண்டும். துணி நாறினால் குழாயை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அலசக் கடல்நீரையே பயன்படுத்தும் கழிப்பறையில், குழாயில் இரவெல்லாம் நிற்கும் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து, காலையில் முதல் அலசலிலேயே அழுகிய முட்டை வாடை எழும். இரவில் படுக்கும்முன் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டால் அது நின்றுவிடும்.

மீன் கவுச்சிக்குக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்ற காரப்பொருள். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடும். நம் வீடுகளில் புளி கரைத்த தண்ணீரில் மீனைக் கழுவுவதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். மீன் அறையின் பலகைகளுக்கு நீர்த்த வினிகர் அதே வேலையைச் செய்யும். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ ஊற்றக்கூடாது. எழும் குளோரின் வாயு, மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

வெறும் அருவருப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காற்று புகாத இடத்தில் மீன் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடத்தில் தங்கும். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை எட்டியதும் மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மங்களூருவில் ஒரு மீன் பதனிடும் ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியவர்களும் விழுந்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாள்கணக்கில் மூடிக்கிடந்த மீன் அறைக்கும் அந்தத் தொட்டிக்கும் வேதியியலில் வேறுபாடு கிடையாது.

வணிகக் கப்பல் மாலுமிகளின் தங்குமிடத்துக்குத் தரம் வகுக்கும் 2006-ம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றது. அது மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-ல் தந்த 188-ம் எண் உடன்படிக்கை, காற்றோட்டம், படுக்கை, கழிப்பறை வரை பேசுகிறது. தாய்லாந்து 2019-ல் அதில் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை.

டெல்லி முடிவெடுக்கும்வரை தமிழகம் காத்திருக்க வேண்டியதில்லை. பாக் நீரிணை மீனவர்களை ஆழ்கடலுக்கு மாற்ற 2017-ல் வந்த திட்டத்தில், 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு பாதியும் மாநில அரசு 20 விழுக்காடும் மானியம் தர முன்வந்தன. பொதுப்பணம் இவ்வளவு போகும் படகில் காற்றுப்போக்கியும் ஒழுங்கான கழிப்பறையும் இருந்தே தீர வேண்டும் என்று நிபந்தனை வைப்பது அரசின் உரிமை, கடமையும்கூட. செலவைப் படகு உரிமையாளர் தலையில் மட்டும் கட்டிவிடவும் கூடாது. பழைய படகுகளைச் சீர்செய்ய மானியத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும் காலம் அது. மீன்வளத் துறை அதிகாரிகள் அப்போது படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆய்வுப் படிவத்தில் நான்கு வரிகள் சேர்த்தால் போதும்: அடித்தட்டு காய்ந்திருக்கிறதா, பம்ப் கடைசிச் சொட்டுவரை இறைக்கிறதா, படுக்கும் அறைக்கும் மீன் அறைக்கும் நடுவே காற்று புகாத தடுப்பு உண்டா, மூடிய மீன் அறையில் இறங்கும்முன் திறந்து காற்றோட்டம் விட ஏற்பாடு உண்டா. அடுத்த தடைக்காலம் தொடங்குமுன் இதைச் செய்ய ஒரு சுற்றறிக்கை போதும்.