மைக்குக்கும் கேமராவுக்கும் ஒரே கேபிளா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்க தமிழ்ச் சங்க ஹாலில் (நாலு டிரான்ஸ்ஃபருக்கு அப்புறம் நான் வந்து விழுந்திருக்கும் வடக்கத்தி ஊர்) பத்தாவது படிக்கும் பொண்ணு ஒருத்தி பாடினாள். முதல் கச்சேரி. தாத்தா, பாட்டி திருச்சியிலிருந்து ரயிலேறி வந்திருந்தாங்க. ஆலாபனை நடுவில் ஸ்பீக்கர் "டப்... டப்... கர்ர்ர்". குழந்தை மிரண்டு போய் நிறுத்திட்டா.

காரணம் என்ன தெரியுமா? வாசலில் யாரோட செருப்போ காணோமாம். ஆபீஸ் ரூமில் ஒருத்தர் சிசிடிவி வீடியோவை காப்பி பண்ணிக்கிட்டிருந்தார்!

போன வருஷம் ஹாலுக்கு 'டான்டே' போட்டோம். மைக் சத்தத்தை டிஜிட்டலாக்கி நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் முறை. தடித்தடியா இருந்த பழைய வயர்க்கட்டு போச்சு, ஒரே ஒரு கேட்-6 வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா செலவு மிச்சம்னு, ஆபீஸில் கிடந்த பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சிலேயே சொருகிட்டாங்க. கேமரா பெட்டி இருப்பது பின்னாடி மிக்ஸர் ரூமில். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு வரும் பாட்டும், ஆபீஸுக்கு வரும் வீடியோவும் அதே கேபிளில்.

பொருளாளர் கணக்கு காட்டுறார்: "ஒரு சானலுக்கு 1.152 எம்பிபிஎஸ். 16 சானல்னா சுமார் 18.4. நூறில் இடம் தாராளமா இருக்கே சார்!"

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு அந்தக் கூட்டல் சரி. முடிவுதான் தப்பு. இருபது வருஷமா பேங்கில் குப்பை கொட்டுறவன் சொல்றேன்: சராசரி இருப்பு லட்ச ரூபாய் இருந்தாலும், செக் வந்த நிமிஷம் கணக்கில் பணம் இல்லைன்னா ரிட்டர்ன்தான். டான்டேயில் வழக்கமான கெடு 1 மில்லி செகண்ட். வீடியோ பாக்கெட்டுகளுக்குப் பின்னாடி க்யூவில் நின்னு லேட்டா வந்த சத்தத்தை அது தூக்கிப் போட்டுடும். அதுதான் அந்த "டப்".

இப்போ கமிட்டியில் ஒரு கோஷ்டி, "பழைய வயரே தேவலை"ங்குது. அதுவும் அபத்தம். கேபிளைப் பங்கு போடலாம். அதுக்கு செட்டிங் மாத்தக்கூடிய ஸ்விட்ச் வேணும், ஆடியோவுக்குத் தனி விலேன், முன்னுரிமை எல்லாம் போடணும், கரண்ட் மிச்சம் பிடிக்க போர்ட்டைத் தூங்க வைக்கும் வசதியை அணைக்கணும். யார் செய்வாங்க? வருஷா வருஷம் மாறும் செயலாளரா? பாஸ்வேர்டே அவரோட போயிடும்!

அதனால் என் கட்சி இதுதான். நம்மைப் போல ஓய்வு நேரத்தில் ஹால் நடத்துறவங்களுக்குப் பங்கு வேண்டாம். ஆடியோவுக்குத் தனி கிகாபிட் ஸ்விட்ச், தனி கேபிள். அதில் வைஃபை ரூட்டரும் கிடையாது, கேமராவும் கிடையாது. மேலே "கை வைக்காதே"ன்னு தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டுங்க. ஆண்டு விழா சாப்பாட்டில் ஒரு ஸ்வீட்டைக் குறைச்சா காசு தேறிடும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத்தான் கேட்கப் போறேன். ஓட்டு விழாட்டியும் பரவாயில்லை. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு தேதி கொடுங்க. அன்னிக்கு யார் செருப்பு போனாலும் கச்சேரி முடிஞ்சு தேடிக்கலாம்.