கறுப்புத் திரை வீரர்களுக்கு

லினக்ஸ் பற்றி யாரிடமாவது ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தொடங்கும் ஒரு வரிதான் பதிலாக வரும். "டெர்மினலைத் திறந்து இதை அப்படியே ஒட்டுங்க சார், முடிஞ்சுது" என்பார்கள். சினாப்டிக்கில் பெயரைத் தேடி, கட்டத்தில் குறியிட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்றால் ஒரு சிரிப்பு. அதெல்லாம் சோம்பேறிகளுக்காம்!

சூடோ என்பது கணினியின் முழு அதிகாரத்தையும் அந்த ஒரு வரிக்கு எழுதிக் கொடுப்பது. படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நாம். புரியாத வரியை ஒட்டி என்டர் தட்டுவது மட்டும் எப்படிக் கெட்டிக்காரத்தனம் ஆகும்?

சினாப்டிக்கும் அடியில் அதே ஆப்ட் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றைக் குறித்ததும், கூடவே எதெல்லாம் வரும், எதெல்லாம் நீங்கும் என்று தனிப் பெட்டியில் காட்டிவிட்டு, நாம் சரி சொல்லும்வரை நிற்கிறது. டெர்மினலும் காட்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. பொடி எழுத்தில் ஓடும் வரிகளுக்கு நடுவே, கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அதைத் தேட வேண்டும்.

கண் நன்றாகத் தெரிகிறவர்கள் கதையும் கேளுங்கள். 2021ல் கனடாவின் யூடியூப் பிரபலம் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப் பார்த்தார். படத்தோடு கூடிய மென்பொருள் கடை, பிழை என்று சொல்லி மறுத்துவிட்டது. விடாமல் டெர்மினலுக்குப் போனார். அது எச்சரித்தது, 'யெஸ், டூ ஆஸ் ஐ சே' என்று அடித்தால்தான் செய்வேன் என்றது. அடித்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது. மூலப் பிழை அந்தத் தொகுப்பில்தான் இருந்தது. ஆனால் மறுத்தது எது, கீழ்ப்படிந்தது எது?

2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை அதைத் திறந்து பார்த்த வீடுகள் எத்தனை? எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. 'லினக்ஸா, கட்டளையெல்லாம் மனப்பாடம் செய்யணுமே' என்ற பயத்தைப் பரப்பியவர்கள் விண்டோஸ்காரர்கள் அல்ல, லினக்ஸை நேசிக்கிறவர்களே.

புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் திரையில் ஊர்ப் பெயரைத் தொட்டு டிக்கெட் எடுக்கிறோம். யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

நூறு கணினிகளைப் பராமரிப்பவருக்குக் கட்டளைதான் வசதி. தொலைபேசியில் வழி சொல்வதற்கும் அது சுலபம். வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அவர் ஒரு மென்பொருளைப் போட, ஞாயிற்றுக்கிழமை பேரன் வரும்வரை காத்திருக்கிறார், இல்லாவிட்டால் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கிறார்.

லினக்ஸ் வகுப்பு எடுக்கும் தம்பிகளே, முதல் நாள் சினாப்டிக்கைத் திறந்து காட்டுங்கள். கறுப்புத் திரை மூன்றாம் வகுப்பில் வரட்டும். அதன் ஃபைல் மெனுவில் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. அதன் வழியாக எந்தத் தேதியில் எது போடப்பட்டது என்று வரிசையாகத் தெரியும். போன வாரம் பேரன் வந்து சினாப்டிக்கில் என்னென்ன போட்டுவிட்டுப் போனான் என்பதும் அதில் இருக்கும்.