சால்வைக்கு முன் சில கேள்விகள்

"அடுத்த மேயர் இவர்தான்" என்று ஒரு பெயர் அடிபட்டதும் நம்மில் சிலர் சால்வை வாங்கக் கிளம்பிவிடுகிறோம். சந்திப்பதில் தவறில்லை. ஆனால் யாரைச் சந்திக்கிறோம்?

1996, 2001, 2011 தேர்தல்களில் தமிழக மாநகராட்சிகளின் மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2021-ல் மாநகராட்சியான காஞ்சிபுரத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2022 மார்ச்சில் வார்டு கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்வு செய்தார்கள். மொத்தம் 51 வார்டுகள். இந்த முறையில், நாம் சால்வை போர்த்தியவர் தம் வார்டிலேயே தோற்றுவிட்டால் நம் மனு அவரோடு வீட்டுக்குப் போய்விடும். ஜெயித்தாலும் கட்சி மேலிடம் கைகாட்ட வேண்டும்.

அந்த மேயர் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. கட்டிடக்காரர் கட்டும் வரி, வாடகையாக நம் கல்லாவுக்குத்தானே வரும்! வரி விஷயத்தில் மாமன்றத்தில் கை தூக்குபவர் கவுன்சிலர். கேள்வியை அவரிடமல்லவா கேட்க வேண்டும்?

திருப்பருத்திக்குன்றத்து மளிகைக்காரரும் சரக்கெடுக்க நகருக்குள்தான் வருகிறார். முகூர்த்த நாளில் பட்டு வாங்க வருவோரின் கார்கள் காந்தி ரோட்டை அடைத்தால் லோடு வண்டி எங்கே நிற்பது? எந்த நேரத்தில் சரக்கு இறக்கலாம்? கடைக் குப்பையை அன்றாடம் எடுப்பார்களா? உரிமக் கட்டணம் எவ்வளவு ஏறும்?

எனவே, தேர்தல் நேரத்தில் நம் சங்கம் கட்சி பாராமல் ஒவ்வொரு வார்டு வேட்பாளரையும் அழைத்து, இவற்றுக்குப் பதிலை எழுத்தில் வாங்கி, கடைதோறும் ஒட்ட வேண்டும். சால்வைச் செலவை அந்த நோட்டீஸ் அச்சடிக்க வைத்துக்கொள்வோம்.