சாந்திக்காக யார் வாதாடினாங்க?

பசுமலையில காலை வாக்கிங் போறப்போ காலேஜ் பிள்ளைங்க ஓடுறதைப் பார்ப்பேன். அவங்களுக்காகத்தான் இந்த த்ரெட். 🧵

2006 தோஹா ஆசியப் போட்டி. 800 மீட்டர்ல வெள்ளி வாங்கின புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜன் பாலினச் சோதனையில தேறலைன்னு பதக்கத்தைப் பறிச்சாங்க. உட்கார வெச்சு விளக்கறதுக்கு முன்னாடியே டிவியில செய்தி. டாக்டரா சொல்றேன், ஒருத்தரோட மெடிக்கல் ரிப்போர்ட்டை நடுத்தெருவுல போட்டது அது.

டூட்டி சந்துக்காக ஆளுங்க நின்னாங்க. 2015ல விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்தி வெச்சது. சாந்திக்காக நம்ம சங்கம் எதுவும் அங்க போகலை. அவங்க செங்கல் சூளைக்குப் போனாங்க.

"அப்போ விதியே வேண்டாமா டாக்டர்?" வேணும்ங்க. யார் கையில, எப்படிங்கறதுதான் கேள்வி. 2025 செப்டம்பர்ல இருந்து உலகத் தடகள சாம்பியன்ஷிப்ல பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்ஒய் மரபணு சோதனை கட்டாயம். அந்த மரபணு இருந்தும் டெஸ்டோஸ்டிரான் உடம்புல துளியும் வேலை செய்யாத பெண்கள் இருக்காங்க. அவங்களுக்கு விதியிலயே விலக்கு உண்டு. நாளைக்கு இந்த சோதனை காலேஜ் மீட் வரைக்கும் இறங்கினா, இதை அந்தப் பொண்ணுக்கு யார் சொல்லுவா? பி.டி. சாரா?

சோதனைக்கு முன்னாடி கவுன்சலிங். ரிசல்ட் முதல்ல அந்தப் பொண்ணு கையில மட்டும். மேல்முறையீட்டுச் செலவு சங்கத்தோடது. இதுக்குத் தயாரில்லைன்னா கன்னத்துல பஞ்சை வைக்காதீங்க.