வேலியை நகர்த்திய ஆறு

தீவிற் பிறந்த எமக்கு நாட்டின் எல்லை என்றாற் கடல்தான். ஒரு வீதியின் முடிவிலே இன்னொரு நாடு தொடங்குவதையும், பிள்ளைகள் காலையில் ஒரு நாட்டிலே கண்விழித்து, பாலங் கடந்து, அடுத்த நாட்டுப் பாடசாலைக்குச் செல்வதையும் நாம் நூல்களில் மாத்திரமே படித்திருக்கிறோம். அத்தகைய ஊரொன்றை இவ்வாரம் வாசகர்களுடன் சுற்றிப்பார்க்க எண்ணுகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் எல்லையில், ரெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ளது எல் பாசோ நகரம். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது மெக்சிக்கோவின் சியுடாட் ஹுவாரெஸ். அமெரிக்கர் அந்த ஆற்றை ரியோ கிராண்டே என்பர். மெக்சிக்கர் ரியோ பிராவோ என்பர். ஆற்றுக்கே இரண்டு பெயர் இருக்கும்போது அதன் கரைகளில் வழக்கு இல்லாதிருக்குமா?

'எல் பாசோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்குக் கடவை என்பது பொருள். மலைகளுக்கிடையே ஆறு வகுத்த வழியையே அப்பெயர் குறிக்கிறது. 1659ஆம் ஆண்டில் ஸ்பானியப் பாதிரிமார் தென்கரையிற் கோயிலொன்றை நிறுவினர். அதைச் சூழ்ந்து வளர்ந்த ஊரே பழைய பாசோ டெல் நோர்த்தே. அது 1888ஆம் ஆண்டில் ஹுவாரெஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய பெயரின் பாதியோ வடகரைக்கு உரியதாயிற்று.

நிலம் பாலைநிலம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 9 அங்குல மழையே பெய்கிறது. ஆண்டில் முந்நூறு நாளுக்குமேல் வெயில் எறிப்பதாற் 'சூரிய நகரம்' என்றும் இவ்வூரை அழைப்பர். யூன் மாதத்தில் வெப்பம் நூறு பாகையைத் தாண்டுதல் வழக்கம். ஆகவே ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரையிலான மாதங்களே பிரயாணிகளுக்கு உகந்தவை. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 அடி உயரத்தில் இருப்பதால் அக்காலத்து இரவுகள் குளிரும். கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துச் செல்லல் நன்று.

நகரின் நடுவே பிராங்கிளின் மலைத்தொடர் நிற்கிறது. அதன் சரிவில் அமைந்த பாதையில் மாலைப்பொழுதில் ஏறிச் சென்றால் இரு நாடுகளையும் ஒரே பார்வையிற் காணலாம். இருள் சூழ்ந்ததும் கீழே ஒளிப்புள்ளிகள் ஒரே பரப்பாய் விரிகின்றன. இது அமெரிக்க விளக்கு, அது மெக்சிக்க விளக்கு எனப் பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

நகரின் உள்ளே சான் ஹசிந்தோ சதுக்கம் சிறுவருக்கு ஏற்ற இடம். 1880களில் அங்குள்ள குளத்தில் மெய்யான முதலைகளை விட்டு வளர்த்தனர். 1965ஆம் ஆண்டுவரை, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தனர். இன்று அவ்விடத்தில், எல் பாசோவிலே பிறந்த சிற்பியான லூயிஸ் ஹிமெனெஸ் ஆக்கி 1995ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற முதலைச் சிற்பங்கள் வாய்பிளந்து நிற்கின்றன. பக்கத்து வீதிகளில் ஓடும் பழைய ட்ராம் வண்டிகளையும் பார்க்கலாம். ஒருகாலத்தில் அவை பாலத்தைக் கடந்து ஹுவாரெஸ் சென்று திரும்பின, 1970களில் நின்றுபோயின. பின்னர், புதுக்கப்பட்டு 2018ஆம் ஆண்டுமுதல் மீண்டும் ஓடுகின்றன. ஆனாற் பாலத்தை மட்டும் அவை கடப்பதில்லை.

எமது பகுதியிலிருந்து செல்வோரை வியப்பில் ஆழ்த்துவது அங்குள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகம். பாலைநிலத்தின் நடுவே பூட்டான் நாட்டு மடாலயங்களை ஒத்த கட்டடங்கள்! உள்நோக்கிச் சாய்ந்த தடித்த சுவர்கள், அகன்ற இறவாரங்கள், சுவரின் மேற்பகுதியில் செங்கற்பட்டையும் மண்டல வடிவங்களும். இதற்குக் காரணமானவர் கல்லூரித் தலைவரின் மனைவியார் கதலீன் வொரெல். 1914ஆம் ஆண்டில் வெளிவந்த 'நஷனல் ஜியோகிரபிக்' இதழிலே பூட்டானின் ஒளிப்படங்களைக் கண்ட அவர், மலைசூழ்ந்த இவ்விடத்துக்கும் அம்முறையே பொருந்தும் என்று எண்ணினார். 1917ஆம் ஆண்டில் எழுந்த முதற் கட்டடந்தொட்டு அம்மரபு தொடர்கிறது. 2008ஆம் ஆண்டில் வாஷிங்டன் விழாவொன்றுக்காகப் பூட்டானியக் கைவினைஞர் அமைத்த சிறு கோயிலொன்றும் பின்னர் இப்பல்கலைக்கழகத்துக்கே அன்பளிப்பாக வந்துசேர்ந்தது.

நகருக்குத் தென்கிழக்கே இஸ்லேட்டா, சொக்கோரோ, சான் எலிசாரியோ என மூன்று பழைய கோயில்கள் ஒரே பாதையில் உள்ளன. 1680ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோவிலே பழங்குடிகள் கிளர்ந்தெழுந்தபோது, பின்வாங்கிய ஸ்பானியருடன் திகுவா என்னும் குடியினர் பலரும் தெற்கே வந்தனர். அவர்களுக்காக 1682ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதே இஸ்லேட்டாக் கோயில். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வூரில் வாழ்கின்றனர். இம்மூன்று ஊர்களும் ஆதியில் ஆற்றின் தென்கரையில் இருந்தவை. 1830ஆம் ஆண்டை ஒட்டிவந்த வெள்ளத்தில் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டமையால் இவை வடபால் ஆயின. பின்னர், 1848ஆம் ஆண்டில், போரிலே தோற்ற மெக்சிக்கோ ஆற்றை எல்லையாக ஏற்றுக்கொண்டபோது இவ்வூர்கள் அமெரிக்காவின் பக்கம் விழுந்தன. அங்குள்ளோர் ஓரடியும் நகரவில்லை, நாடு மாறியது.

வேலிக் கதியாலை இரவோடிரவாக ஒருசாண் தள்ளி நட்டதற்குத் தலைமுறையாய் வழக்காடிய குடும்பங்களை நம்மவர் நன்கறிவர். ஆனால் வேலியே ஆறாகி, அது தானாகவே நகர்ந்தால் வழக்கை எவர்மேற் போடுவது?

அந்தக் கேள்விக்கு விடைசொல்லும் இடமே எல் பாசோவிலுள்ள சாமிசால் தேசிய நினைவிடம். வேறெதற்கும் நேரமில்லாத பிரயாணியும் இதனைப் பாராது திரும்பலாகாது என்போம். 55 ஏக்கர்ப் பூங்கா, நூதனசாலை, நாடக அரங்கு, பெரிய சுவரோவியம் ஆகியன அங்குண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை.

கதை இதுதான். 1848ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆறு சிறுகச் சிறுகத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. 1864ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் ஒரேயடியாகப் பாய்ந்தது. இதனால் மெக்சிக்கோவுக்குரிய ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் ஆற்றின் வடக்கே அகப்பட்டது. ஆறு மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் உடன் நகரும். வெள்ளத்தாற் சடுதியாகப் புதுவழி கண்டால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்று 1884ஆம் ஆண்டில் இரு நாடுகளும் உடன்பட்டன. இவ்விடத்திலோ இரண்டுமே நிகழ்ந்திருந்தன. 1911ஆம் ஆண்டில் கனேடியர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட நடுவர் மன்றம், 1864ஆம் ஆண்டுவரை மெல்லச் சேர்ந்த நிலம் அமெரிக்காவுக்கு, எஞ்சியது மெக்சிக்கோவுக்கு எனத் தீர்த்தது. அன்றைய ஆற்றின் தடத்தை இன்று எங்ஙனம் கண்டறிவது என்று கூறி அமெரிக்கா அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது.

அரசுகள் வழக்காடிக்கொண்டிருக்க, அந்நிலத்தில் வீடுகள் எழுந்தன. கடைகளும் தொழிலகங்களும் பெருகின. ரியோ லிண்டா முதலிய குடியிருப்புகளிலே மெக்சிக்க வம்சாவளியினரான உழைக்கும் குடும்பங்கள் பல வேரூன்றின. ஈற்றில் 1963ஆம் ஆண்டில், ஜனாதிபதிகள் கென்னடி, லோப்பெஸ் மத்தேயோஸ் ஆகியோரின் காலத்தில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கொடுக்கல் வாங்கலைக் கழித்துப் பார்க்குமிடத்து 437 ஏக்கர் நிலம் மெக்சிக்கோவுக்குத் திரும்பியது. வல்லரசொன்று தன் அயல்நாட்டுக்குப் போரின்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது அரிய செயலேயாகும். இனியும் ஆறு நகராதிருக்க, இரு நாடுகளும் செலவைப் பங்கிட்டு நாலு மைலுக்கும் மேற்பட்ட கொங்கிறீற்று வாய்க்காலொன்றைக் கட்டின. 1968 டிசெம்பரில் ஆறு அதற்குள் திருப்பி விடப்பட்டது.

ஆனால், அந்தப் பெருந்தன்மையின் விலையைக் கொடுத்தவர் எவர்? ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அரசாங்கம் வீட்டுக்கு விலை கொடுத்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அயலுக்கு விலை கொடுக்க எந்த அரசால் இயலும்? அவர்கள் ஆற்றை நகர்த்தியவர்கள் அல்லர். 1911ஆம் ஆண்டின் தீர்ப்பை மறுத்தவர்களும் அல்லர். நீதி அரை நூற்றாண்டு பிந்தியது. பிந்திய நீதிக்குரிய வட்டியை ஏழைகளே கட்டினர். உடன்படிக்கையைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

'கிராண்டே' என்றாற் பெரியது. பெயரை நம்பி வெள்ளப் பெருக்கைக் காண வருவோர் ஏமாறுவர். வடக்கே 1916ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற எலிபன்ற் பியூட் அணையிலே நீரைத் தேக்கிப் பயிர்க்காலத்தில் மாத்திரமே திறந்துவிடுகின்றனர். அதையும் இருகரை வாய்க்கால்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகையால் ஆண்டின் பெரும்பகுதியில் எல்லை என்பது சிறிதளவு நீர் தேங்கிய கொங்கிறீற்றுப் படுகையும் அதனருகே உயர்ந்த இரும்பு வேலியுமே.

அவ்வேலிக்கு மேலாகப் பாலங்கள் செல்கின்றன. நாள்தோறும் பல்லாயிரவர் தொழிலுக்கும், கல்விக்கும், உறவினரைக் காண்பதற்கும் அவற்றைக் கடக்கின்றனர். பிரயாணிகளும் சிறு கட்டணம் செலுத்தி நடந்தே ஹுவாரெஸ் செல்லலாம். செல்லுமுன் அங்குள்ள நிலைமையை விசாரித்தறிதல் அவசியம்; கடவுச்சீட்டும், அமெரிக்காவுக்கு மீள நுழைய உரிமை தரும் விசாவும் கையில் இருத்தல் வேண்டும். திரும்பும் வரிசையே நீளமானது.

உணவைப் பொறுத்தவரை இரு கரைக்கும் எல்லையில்லை. சோள ரொட்டி, அவரை, மிளகாய்க் குழம்பு எல்லாம் எங்கும் கிடைக்கும். எமது நாவுக்கு அவை அந்நியமாகத் தோன்றா. எமது கறிச்சட்டியைச் சிவக்கச் செய்யும் மிளகாயே மெக்சிக்கோ பக்கத்திலிருந்து கடல்கடந்து வந்ததன்றோ?

மாணவர்கள் நிலப்படத்தை விரித்து எல் பாசோவைத் தேடிப் பார்ப்பார்களாக. அங்கே எல்லைக்கோடு மெல்லியதாய், நேராய், அசையாததாய்த் தெரியும். அக்கோட்டின் கீழே ஒரு குடியிருப்பு முழுவதும் இருந்தது. அதன் பெயர் ரியோ லிண்டா என்பதைப் பக்கத்திற் பென்சிலால் எழுதிவைத்தால், அப்படம் இன்னுங் கொஞ்சம் உண்மையானதாகும்.