மூளைக்கு மருந்தா, முதலாளிக்கு விருந்தா?

ஆண்டுக்கு 56,000 டாலர்! ஆல்சைமர் எனும் மறதி நோய்க்கென்று, அமெரிக்காவில் பயோஜன் கம்பெனி 2021-இல் கொண்டுவந்த 'அடுஹெல்ம்' ஊசி மருந்துக்கு முதலில் குறித்த விலை அது. பெற்ற மகனையே "யாரப்பா நீ?" என்று தாய் கேட்கும் வீட்டில் விலை பேசவா மனம் வரும்? வராது என்பதை அறியாதவர்களா வணிகர்கள்!

மருந்தின் வேலைதான் என்ன? இந்நோய் கண்டோரின் மூளையில், நரம்பணுக்களுக்கிடையே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. அந்தப் படிவை இம்மருந்து அகற்றுகிறது, மெய், மறுக்கவில்லை. படிவு போனால் நினைவு நிற்குமா? அதுவல்லவா கேள்வி! 2019 மார்ச்சில், பயன் தெரியவில்லையென்று கம்பெனியே இரு சோதனைகளையும் நிறுத்திற்று. பிறகு கணக்கை மறுபடி புரட்டி, ஒன்றில் பலன் உண்டு என்றது. 2020 நவம்பரில், அரசின் ஆலோசனைக் குழுவில் அமர்ந்த 11 பேரில் 10 பேர் 'சான்று போதாது' என்றனர். 'போதும்' என்றவர் ஒருவருமில்லை. ஆயினும் 2021 ஜூனில் அனுமதி! குழுவினர் மூவர் பதவி துறந்து வெளியேறினர். அதிக அளவில் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மூளையில் வீக்கம் கண்டது. பெரும்பாலோர்க்கு வெளியே தெரியாமல்.

தோழர்களே, இனிதான் கொடுமை. அந்நாட்டு முதியோருக்கு அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு மெடிகேர். இந்த மருந்துக்குப் பணம் கொடுக்க நேரிடலாம் என்று அஞ்சி, 2022-இல் மாதச் சந்தாவை 148.50 டாலரிலிருந்து 170.10 டாலராக்கினார்கள். உயர்வில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மருந்தின் பொருட்டு! ஊசியைக் கண்ணாலும் காணாத ஓய்வுபெற்ற தொழிலாளி கப்பம் கட்டினார். விற்பனையோ படுத்தது, கம்பெனி விலையைப் பாதியாக்கியது. ஆராய்ச்சியில் சேர்ந்தோருக்கு மட்டுமே பணம் என்று மெடிகேரும் கதவை இழுத்துச் சாத்திற்று. 2024 ஜனவரியில், மருந்தையே கைவிடுவதாக அறிவித்தது பயோஜன்.

பின்வந்த லெக்கனமாப் நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கிறது. 2023-இல் அதன் விலை 26,500 டாலர்.

மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்கை, 14 காரணங்களைச் சரிசெய்தால் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் ஏடு அமைத்த அறிஞர் குழு 2024-இல் கூறிற்று. இளமையில் கல்வியின்மை, இரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல் எல்லாம் அப்பட்டியலில் உண்டு. காது மந்தமும் உண்டு. காதுக்குக் கருவி கிடைக்கிறது. ஊசிக்காகச் சந்தாவை உயர்த்திய மெடிகேரின் அடிப்படைத் திட்டம், அந்தக் கருவிக்குக் காசு தருவதில்லை. தரக்கூடாதென்று சட்டமே இருக்கிறது!