யாரிடம் மட்டும் இந்தக் கேள்வி?

தன் பாலினத்தின் மீது ஒருவருக்குள்ள பற்று எத்துணை ஆழமானது? கருத்தரங்குகளில் இக்கேள்வி பெரும்பாலும் திருநரை நோக்கியே எழுப்பப்படுகிறது. கேட்பவர் தம்மை அதற்கு உட்படுத்திக்கொள்வதில்லை. தம் பாலினம் இயற்கை, பிறருடையது வெறும் உணர்வு என்பது அவரது துணிபு.

அத்துணிபு எவ்வளவு பொய்யானது என்பதைத் திருவனந்தபுரம் காட்டியது. 2022 ஜூலையில், ஸ்ரீகாரியம் பொறியியல் கல்லூரிக்கு அருகில் பேருந்து நிழற்குடையின் நீண்ட இருக்கை மூன்று தனி இருக்கைகளாக அறுக்கப்பட்டது. மாணவரும் மாணவியரும் சேர்ந்து அமரக் கூடாதாம். அவர்களோ ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து படமெடுத்து வெளியிட்டு விடையளித்தனர். அமரும் இருக்கையும் விடுதிக் கதவு அடைபடும் நேரமும் விண்ணப்பப் படிவத்தின் கட்டமும் நாள்தோறும் பாலினத்தை நினைவூட்டும் சமூகத்தில், பெரும்பான்மையினரின் பற்று சோதனைக்கே வருவதில்லை. வேலியையே தம் முதுகெலும்பென அவர்கள் நம்பிவிடுகின்றனர்.

பற்று உறுதியாக இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடி, 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை அப்பதக்கத்தைப் பறித்தது. அவரது பற்றின் ஆழத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. உணர்வில் உறுதியுடையவரிடம் உடலைக் கேட்பதும், உடலை மீறி உணர்வைச் சொல்பவரிடம் சான்று கேட்பதும் அளவுகோல் அல்ல, அதிகாரம்.

தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றது. நாட்டின் முதல் மாநிலத் திருநர் கொள்கையைக் கேரளம் 2015இல் வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் நடுவண் சட்டமோ அவ்வுரிமையை ஒரு பிரிவில் ஒப்புக்கொண்டு, அடுத்த பிரிவில் மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கோரியது. ஆண் அல்லது பெண் எனத் திருத்திப் பெற அறுவை மருத்துவச் சான்றையும் கேட்டது.

‘அளவுகோல் இல்லையேல் எவரும் எதையும் கூறலாமே’ என்பர் சிலர். சாலைக் கடைத்தெருவின் தமிழ் வணிகர் தம் தாய்மொழி தமிழ் என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் அதனை அப்படியே எழுதிக்கொள்கிறார். தமிழ்ப் பற்றின் ஆழத்துக்கு எவரும் சான்று கேட்பதில்லை. அதனால் கணக்கெடுப்பும் குலைந்துவிடவில்லை.

தன்னைத் தானே கேட்டுக்கொள்வோருக்கு இது நல்ல கேள்வி. பிறரை வாயிலில் நிறுத்திக் கேட்கும்போது அதுவே அநீதி. ஆய்வுலகம் முதலில் தன்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்.